கம்மல் இல்லாத பக்கம்

என் மகள் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. காய்ச்சல் வருவதற்கு முன்பே அப்படித்தான். "இங்க வா" என்றால் அங்கே போவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது வேறு யாருடைய பெயரோ என்பதுபோல மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இந்த நோய் சில குழந்தைகளின் காதைக் கெடுத்துவிட்டுப் போகும். கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பாருங்கள். கொஞ்ச நாளில் முறையாகப் பரிசோதிக்கக் கூப்பிடுவோம்" என்றார். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து திரும்பாதவள் இப்போதும் திரும்பவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவளுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பதைத் தவிர அடுத்த சில வாரங்களுக்கு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒழுங்காகச் சொல்வதென்றால் மையிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில், நியூ லின் பக்கம் ஒரு பழைய மர வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கம்ப்யூட்டர்க்காரர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார், சோதித்த பிறகும் தனக்குப் பிடித்த முடிவைத்தான் நம்புவார். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நான் மாலில் ஒரு பேக்கரியில் பாதி நாள் வேலைக்குப் போகும்போது மகளை அவர்தான் பார்த்துக்கொள்வார். குளிப்பாட்டியதும் மகளுக்கு இடது கன்னத்தில் ஒன்றும் வலது உள்ளங்காலில் ஒன்றுமாகத் திருஷ்டிப் பொட்டு வைப்பேன். கணவர் அதைக் கிண்டல் செய்வார். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, பொட்டு இருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்த வருஷங்களில் குழந்தைகளிடையே மூளைக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா புகுந்து, சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடுகிற ரகம். உடம்பில் ஊதாப் புள்ளி தெரிந்தால் ஓடிவாருங்கள் என்று கிளினிக் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தடுப்பூசி போடப் போன ஒருநாள் அங்கிருந்த நர்ஸ் மகளின் சாக்ஸைக் கழற்றினார். உள்ளங்காலைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. அவர் டாக்டரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் நான் விரலில் எச்சில் தொட்டுப் பொட்டைத் தேய்த்து அழித்துக் காட்டினேன். அவருக்கு நிம்மதி வரும் என்று பார்த்தேன். அதற்குப் பதில் கை கழுவும் இடத்தைக் காட்டினார். பொறாமைக் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "குழந்தை மிக அழகு" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியை எடுத்தார். கண் வைத்துவிட்டாரே என்று வீட்டுக்கு வந்து மறுபடி பொட்டு வைத்தேன்.

மகளுக்கு இரண்டு வயது தாண்டிய குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காய்ச்சல் அடித்தது. வாந்தி எடுத்தாள். தூக்கினால் அழுதாள், கீழே விட்டால் துவண்டாள். அக்கா வந்து பார்த்து, "வயித்துக்க ஏதோ சரியில்லைப் போல கிடக்கு, கொத்தமல்லி அவிச்சுக் குடும்" என்றார். வாந்தி பட்ட சட்டையைக் கழற்றியபோது வயிற்றில் இரண்டு கருநீலப் புள்ளிகளைப் பார்த்தேன்.

"மை ஒட்டியிருக்கும்" என்றார் கணவர்.

"வயித்துல எப்பங்க நான் மை வெச்சேன்?"

இருந்தாலும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கன்னத்துப் பொட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. வயிற்றில் இருந்தது அசையவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதற்குமேல் நான் செருப்புத் தேடவில்லை. கணவர் கார்ச் சாவியைத் தேடிய நேரத்தில் அவரை என்னென்ன திட்டினேன் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கு இருக்கிறது. கிளினிக்கில் அதே நர்ஸ். என்னைப் பார்த்ததும் ஒரு புன்னகை வந்தது. நான் மகளின் சட்டையைத் தூக்கி, "இது மை இல்லை" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் டாக்டரிடம் ஓடினார். அங்கேயே பென்சிலின் ஊசி, வாசலில் ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன். பிழைத்துவிட்டாள். எழுத வேண்டியது மாத்திரை விவகாரம் ஒன்றுதான்.

கிருமி எங்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று, சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து விசாரித்தார். குழந்தையோடு எச்சில் பரிமாறியவர்கள் யார் யார் என்பது கேள்வி. அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"எச்சிலோ? எங்கட ஆக்கள் ஒருத்தற்ற கோப்பையில ஒருத்தர் வாய் வைக்கிறேல்லை. அண்ணாந்துதான் குடிக்கிறது. இதைச் சொல்லும் அவவுக்கு."

நான் சொன்னேன். போதாதென்று அக்கா மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, உதடு படாமல் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பாதி மேலில் கொட்டியது. அந்தப் பெண் மரியாதையாகப் பார்த்திருந்துவிட்டு, குழந்தைக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

"சோத்தைக் குழைச்சு, சூடோ எண்டு என்ர வாயில வைச்சுப் பாத்துப்போட்டு..." என்று தொடங்கிய அக்கா நடுவில் நிறுத்திக்கொண்டார். மூன்று பேருக்கும் மாத்திரை கிடைத்தது.

அதைச் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே செம்மஞ்சளாகும், பயப்படாதீர்கள் என்று அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பினார். அக்கா அப்போதும் கோப்பை அவமானத்திலேயே இருந்ததால் காதில் வாங்கவில்லை. மறுநாள் வார்டுக்குப் போன் வந்தது. என்னமோ ஏதோ என்று ஓடி எடுத்தேன்.

"பிள்ளை, எனக்குத் தோடம்பழச் சாறு மாதிரிப் போகுது. நான் சாகப்போறன். என்ர மகனுக்கு அறிவியும்."

தோடம்பழம் என்றால் அவர் ஊரில் ஆரஞ்சு. நான் சொல்லிப் புரியவைத்துவிட்டுப் போனை வைத்தேன். கட்டிலுக்கு வந்து உட்கார்ந்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. துடைத்த டிஷ்யூவைப் பார்த்தால் ஆரஞ்சு நிறம். அந்த வார்டில் நான் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சோதனைகளில் இறங்கினார். வரவேற்பறையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த மகளுக்குப் பின்னால் பூனை மாதிரிப் போய் நின்று, எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிக் கீழே போட்டார். மகள் விருட்டென்று திரும்பினாள். "பாத்தியா! பாத்தியா!" என்று அவர் குதித்த குதியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானும் குதித்தேன், மறைப்பானேன். நம்பிக்கை வராமல் குக்கர் மூடியைப் போட்டோம், திரும்பினாள். கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கின் அடிப்பாகத்தைப் போட்டோம், திரும்பினாள். வீட்டின் சொந்தக்காரர் எதேச்சையாக வந்து கதவைத் தட்டினார். உள்ளே நடப்பதைப் பார்த்து, கணவன் மனைவிக்குள் சண்டை என்று நினைத்தாரோ என்னவோ, என்னை மட்டும் தனியாக அழைத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பிரமாதமாக இருக்கிறது என்றேன்.

அக்கா தன் பங்குக்குச் சாமி மணியைக் கொண்டுவந்தார். குழந்தையின் வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாகக் கிணுகிணுவென்று ஆட்டினார். குழந்தை தலை நிமிரவில்லை. அக்கா மணியைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டார்.

"அவவுக்கு இப்ப சாமி கும்பிடுற எண்ணமில்லை. வேற ஒண்டுமில்லை" என்றார்.

"அக்கா, கேட்டிருக்காதோ?"

"சும்மா விசர்க்கதை கதையாதேயும். கேக்காமலே தட்டு விழத் திரும்பினவ?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அப்பா கூப்பிட்டால் படுக்கையறைக்குப் போய்த் தேடினாள். தொலைபேசி மணி அடித்தால் வாசல் கதவைப் பார்த்தாள். "ஏங்க, திரும்புறா, ஆனா கோணலாத் திரும்புறா" என்றேன். "திரும்புறால்ல? அது போதும்" என்றார் கணவர். வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொள்ள நான் ஆசைப்பட்டேன். அவளும் அப்படி நினைக்க வைக்கிற பிள்ளைதான்.

பரிசோதனை நாளில் காது பார்க்கும் பெண் எங்களை ஒரு சிறிய, நிசப்தமான அறைக்குள் கூட்டிப்போனார். உயரமானவர், ஆனால் மகளிடம் பேச வேண்டுமென்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதும், என் கணவர் தட்டிலிருந்து குத்துவிளக்கு வரை வரிசையாகச் சொன்னார். ஒரு சோதனையில்கூட அவள் தவறவில்லை என்று முடித்தார்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டுத் தரை மரமா?" என்றார்.

"ஆமாம்."

"குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாளா?"

"ஆமாம்."

"அப்படியானால் அவள் தரை அதிர்ந்ததற்குத் திரும்பியிருக்கலாம்" என்றார், மென்மையாக.

என் கணவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் சிமெண்டுத் தரையில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் ஊர்த் தரையில் எதைப் போட்டாலும் சத்தம்தான் வரும், தரை கம்மென்று இருக்கும். கட்டைகளைத் தூக்கி நிறுத்தி, அதன்மேல் பலகை பரப்பிக் கட்டிய வீட்டில் குழந்தையின் தொடை வழியாகத் தட்டு கேட்கும் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.  அத்தனை நாள் குதித்த குதியெல்லாம் ஒரு நொடியில் காலடியில் போய்விட்டது.

மகளின் காதுகளில் சின்னச் செருகிகளை வைத்தார்கள். சத்தம் வந்ததும் அவள் திரும்பினால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மைக் குரங்கு தாளம் தட்டும். அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எதுவும் கேட்காது, அவளுக்கு மட்டும். இடது காதுக்குச் சத்தம் கொடுத்தார்கள். திரும்பினாள். குரங்கு தட்டியது. இன்னும் மெல்லிய சத்தம் போலிருக்கிறது, மறுபடி திரும்பினாள். நான் மூச்சை விட்டேன். பிறகு வலது காது. அந்தப் பெண் ஒரு பொத்தானைத் திருகினார், காத்திருந்தார், இன்னும் திருகினார். மகள் குரங்கு வராத கோபத்தில் என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பு, சனியனே, திரும்பு என்று மனசுக்குள் கெஞ்சினேன். குரங்கு இருட்டில் சும்மா இருந்தது.

வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காது நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது, அதனால்தான் தப்பான பக்கம் தேடுகிறாள் என்றும் சொன்னார். பேச்சு வரும், பள்ளிக்கூடம் போவாள், அவளோடு பேசுகிறவர்கள் இடது பக்கம் நின்று பேச வேண்டும், தெருவில் கை பிடித்துக்கொள்ள வேண்டும். பாதியாவது மிஞ்சியதே என்று சந்தோஷப்படுவதா, பாதி போய்விட்டதே என்று அழுவதா? கார் நிறுத்தத்தில் நின்று இரண்டையும் செய்தேன். இந்த முறை கண்ணீர் சாதாரண நிறத்தில் வந்தது.

சேதி ஊருக்குப் போனது. எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், என் கணவரின் பெரியம்மா ஒருவரைத் தவிர. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய்க் காது குத்துவதாக முன்பு பேச்சிருந்தது. அந்தப் பெரியம்மா போனில், "கேக்காத காதுக்கு என்னத்துக்குடி கம்மல்?" என்று கேட்டுவிட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டாராம். நான் வேடிக்கையாகப் போனை வைத்த வேகத்தில் அதன் ஒரு ஓரம் உடைந்தது.

அதற்குமேல் லீவு வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. நியூ லின்னில் காது குத்த ஆசாரி கிடையாது. என் பேக்கரிக்கு இரண்டு கடை தள்ளி நகைக்கடை இருந்தது. அங்கே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து, டக்கென்று அழுத்தி, கம்மலோடு அனுப்புவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டியது. என் தம்பி கோயம்புத்தூரில் இருந்தான். அவனுக்குப் பதில் அக்கா ஒரு பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் இண்டைக்கு மாமன்" என்றார்.

கடைப்பெண் இடது காதிலிருந்து தொடங்கப் போனாள். நான் தடுத்தேன். பேக்கரியிலிருந்து எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதோரம் கேட்கிற அந்த டக் சத்தத்தில் மிரண்டு, இரண்டாவது காதைக் கொடுக்கவே மாட்டார்கள். என் மகளுக்கு வலது காது கேட்காது. அதில் முதலில் குத்தினால் சத்தத்துக்குப் பயப்பட மாட்டாள், அடுத்த நொடி இடது காதையும் முடித்துவிடலாம். கடவுள் அந்தக் காதைக் கெடுத்தாரல்லவா, அதைக்கொண்டே நான் ஒரு லாபம் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம்.

பெண் வலது காதில் அழுத்தினாள். மகள் இமைகூட அசைக்கவில்லை. நான் கணவரைப் பெருமையோடு பார்த்தேன். அந்தப் பார்வை அவரைப் போய்ச் சேர்வதற்குள் மகளுக்கு வலி போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் பேக்கரியிலிருந்து என் முதலாளியே எட்டிப்பார்த்தார். இரண்டு கைகளாலும் இடது காதைப் பொத்திக்கொண்டாள். லாலிபாப் காட்டினோம், பொம்மை காட்டினோம், மாமனாக வந்த அக்கா அவளை மடியில் வைத்தபடியே ஒரு பாட்டுப் பாடினார். கை இறங்கவில்லை. கடைசியில் கேட்காத காதில் மட்டும் கம்மலோடு வீட்டுக்கு வந்தோம்.

பெரியம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். வேண்டுமென்றே வலது பக்கமாகத் திருப்பி எடுத்த போட்டோ.

அடுத்த வாரமே இன்னொரு காதையும் முடித்திருப்போம். அதற்குள் கிண்டர்கார்டன் தொடங்கிவிட்டது. எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்று டீச்சர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் மறந்துபோனது. அவளுக்கு இடதா, எனக்கு இடதா என்று ஒருத்தர் தன் தோளைத் தொட்டுத் தொட்டுக் குழம்பினார். எரிச்சலில், "கம்மல் இல்லாத பக்கம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு ஒருவரும் தவறவில்லை. டெய்ரி என்று இங்கே சொல்கிற பக்கத்து மளிகைக் கடைக்காரர், நூலகத்தில் கதை வாசிக்கிற அம்மா, எல்லோருக்கும் அதே வாக்கியம். ஆக, ஒற்றைக் கம்மல் நிலைத்தது. அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகள் ஒரு காதில் வளையம் மாட்டித் திரிந்ததால், மகளைப் பையன் மாதிரி வளர்க்கிறேன் என்று கோயிலில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதனால் பெரிய லாபம் அடைந்தது என் மகள்தான். நான் திட்டத் தொடங்கினால் கம்மல் பக்கத்தை என்னிடம் நீட்டிவிட்டு டிவி பார்த்தாள். ஒருநாள் கிண்டர்கார்டனில் வழக்கமான டீச்சருக்குப் பதிலாக ஒரு புது டீச்சர் வந்தார். கம்மல் போட்ட காதுதான் கேட்கும் என்று இவள் அவரிடம் சொல்லிவிட்டாள். அன்று முழுவதும், விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைக்கும் நேரத்தில் அந்தப் பாவப்பட்ட பெண் வலது காதருகே குனிந்து குனிந்து கெஞ்சியிருக்கிறார். இவள் மணலில் வீடு கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் புகார் சொன்னார்கள். கண்டிக்கிறேன் என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்து, காரில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இங்கே ஐந்தாவது பிறந்தநாளில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அதற்குச் சில நாட்கள் முன்பு மகள், இன்னொரு காதும் குத்த வேண்டும் என்றாள்.

"குத்திட்டா டீச்சருக்கு எந்தக் காதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

தானே சொல்லிக்கொள்வதாக ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வகுப்பு, இரைச்சல், யாரோ வலது பக்கத்திலிருந்து கூப்பிடுவார்கள், இவள் சும்மா நிற்பாள், திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்கள். கம்மல் ஒற்றையாக இருக்கிறவரை நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எனக்குப் பதில் அது பேசும். அதை விட்டுக்கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினேன். அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரு நாள் மாலுக்குப் பால் வாங்கப் போய், பால் இல்லாமல் இரண்டு கம்மலோடு திரும்பினார்கள். அன்றைக்கு அவர் கேட்ட வசவு அவருக்கு நிச்சயம் இரண்டு காதிலும் கேட்டிருக்கும்.

முதல் நாள் பள்ளியில் என்னை வகுப்பு வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வகுப்பு சந்தை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. டீச்சர் சிரித்த முகத்தோடு வந்து, என் மகள் அருகில் குனிந்து, ஏதோ கேட்டார். வலது காதில். நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மகள் கையை நீட்டி டீச்சரின் தாடையைப் பிடித்து, முகத்தை அப்படியே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தாள். என்னவோ சொன்னாள். டீச்சர் தலையாட்டிவிட்டு, தான் கேட்டதை இடது காதில் மறுபடி கேட்டார்.

அத்தனை இரைச்சலில் வாசலில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் மகளுக்குக் கேட்டது. அவள் சிரித்தாள்.